தொண்ணூற்றொன்பது

பயிற்சி நாளில் டாக்டர் ரொஸ்னா சொன்னார்:
தெரியாது என்றால் எண்பத்தெட்டு,
சொல்ல விருப்பமில்லை என்றால் தொண்ணூற்றொன்பது,
முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.
படிவத்துக்கு முப்பத்தைந்து வெள்ளி.
மோட்டாருக்கு எண்ணெய்க் காசு தனி.

கேள்விகளைத் தமிழில் மாற்றியது நான்தான்.
அகராதியில் 'உடலுறவு' இருந்தது.
வாயில் வைத்ததும்
கிளினிக் சுவரொட்டி போலக் காய்ந்துவிட்டது.
எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் வசவு.
நடுவில் ஒன்றுகூடவா இல்லை,
விளக்கணைத்தபின் இரண்டு பேர்
கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ள?

கோலக்கெட்டிலில்
பெயர் எழுதாமல் இருப்பது சுலபம்.
பெயர் தெரியாமல் இருப்பதுதான் முடியாது.
எண் பன்னிரண்டு என் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர்.
எண் முப்பத்தொன்றின் கல்யாணத்தில்
வாசலில் நின்று பன்னீர் தெளித்தவள் நான்.

எண் பன்னிரண்டு எல்லாவற்றுக்கும்
'அடிக்கடி' என்றார்.
சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.
விழுந்ததா போட்டதா,
படிவத்தில் அதற்கு இடமில்லை.

எண் இருபத்தாறு செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவர்.
'திருப்தி' என்ற இடத்தில் நிறுத்தினார்.
"சாப்பாட்டுக்குச் சொல்வமே, அதுவா?"
அதேதான் என்றேன்.
உள்ளே முள் தங்கியதுபோல
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"அவளக் கேட்டீங்களா?"
இல்லை. வீட்டுக்கு ஒருவர்தான், விதி.
"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"
எண்பத்தெட்டு என்று எழுதினேன்.
இந்த வேலையில் நான் எழுதிய
ஆக நேர்மையான எண் அது.

எண் முப்பத்தொன்று கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
முன்னறையில் அவள் கணவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.
அவள் குரலைக் கூட்டவில்லை.
கேள்வி பதினேழு:
விருப்பமில்லாமல் சம்மதித்தது உண்டா?
என் பேனாவைப் பிடுங்கி
தானே வட்டம் போட்டாள்.
அழுத்திய அழுத்தில்
அடுத்த பக்கத்திலும் வட்டம்,
அதற்கடுத்த பக்கத்திலும்,
நான் இன்னும் கேட்காத கேள்விகள் மேல்.
பிறகு, "மைலோ கலக்கட்டா?"

எண் நாற்பது வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்:
"பேனாவா, பென்சிலா?"
பென்சில் தேடி எடுத்தேன்.
திருமணமானவர், ஆகாதவர், துணையை இழந்தவர், பிரிந்தவர்
எல்லாம் தாண்டி
'வேறு, குறிப்பிடுக' என்ற கோட்டில்
ஒரு பெயரும் இருபத்திரண்டு வருடமும் சொன்னார்.
நான் எழுதுவதைப் பார்த்தார். ஒருமுறை படித்தார்.
"இப்ப அழிச்சிருங்க."
கித்தா மரங்களை எல்லாம் சாய்த்துவிட்ட ஊரில்
என் பையில் ஒரு துண்டு ரப்பர் இருந்தது.

பினாங்கு அலுவலகத்தில்
தொண்ணூற்றொன்பதுகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.
சராசரியைக் கெடுக்கும்,
எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர் ரொஸ்னா.
அன்பானவர்தான். கணக்கு அப்படி.
கடைசிப் பேருந்தில் திரும்பினேன்.

இரவு என் கணவன் கேட்டான்,
ஊர் என்ன சொல்லுது?
ரகசியம் என்றேன். சிரித்தான்.
சரி, எனக்கும் ஒரு படிவம் கொடேன்.
வீட்டுக்கு ஒருவர்தான்,
பயிற்சி நாளிலேயே நான் நிரப்பிவிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
பதினேழு பதினேழுன்னு சொல்வியே,
அதுக்கு என்ன போட்ட?

மின்விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.
எழுந்துபோய் ஒன்றுக்குக் குறைத்தேன்,
சொன்னால் கேட்கவேண்டுமே.