மூன்றாம் குளம், நான்காம் குளம்

உப்பூர்க் கழியிலிருந்து பம்பு இழுத்த நீருக்கு
இன்று ஐம்பத்திரண்டாம் நாள்.
செக் ட்ரேயைத் தூக்கினேன்:
தின்னாத தீவனம்,
மேலே நூல்நூலாய் வெள்ளைக் கழிச்சல்.

கடைக்கார இபுராம்சா
பெயர் ஒட்டாத பொட்டலம் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
போன வருஷம் இதைப் போட்டுத்தான்
மோர்ப்பண்ணைக்காரர் சரக்கு
மருந்து மிச்சமிருக்கிறதென்று
கப்பலேறித் திரும்பி வந்தது.
திருப்பித் தள்ளினேன்.

ஊருணிக் கரையில் கீழாநெல்லி.
எனக்குக் காமாலை கண்ட ஐப்பசியில்
மோரில் கரைத்து ஏழு நாள் விழுங்கிய கசப்பு.
இறாலுக்கும் ஈரல் உண்டு,
தலைக்குள், நகக்கண் அளவு.
பழுப்பாய் இருக்க வேண்டியது
வெளுத்துக் கிடந்தது.

பூண்டு இரண்டு கிலோ, இலை ஒரு கூடை.
சவேரியம்மாள் கிரைண்டரில் அரைத்தாள்.
தீவனத்தில் ஒட்ட முட்டை வெள்ளை.
நிழலில் உலர்த்தியதைக்
காக்கை ஒன்று கொத்திப் பார்த்து
அலகைத் துடைத்துக்கொண்டு போனது.

ஒன்பது நாள்.
மூன்றாம் குளத்தில் தட்டு காலி.
ஓர் இறாலைத் தூக்கி டார்ச் அடித்தால்
தலையிலிருந்து வால்வரை
அறுபடாத ஒரே கோடாய்க் குடல்.

நான்காம் குளத்துக்கும் இதே கைதான் வீசியது.
அதே பூண்டு, அதே இலை.
அது கேட்கவில்லை.
ஓரத்தில் சிவந்து ஒதுங்கியவற்றை
வாளியில் அள்ளி எண்ணினேன்,
நூறுக்கு மேல் எண்ணவில்லை.

அவசர அறுவடைக்கு
ஐஸ் லாரி சொல்லிவிட்டு வந்தபோது
சவேரியம்மாள் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தாள்.
"மூணு தரம் சோப்புப் போட்டுட்டேன்,
போகமாட்டேங்குது."
ஏரேட்டர்கள் சுழன்றன,
இரண்டு குளத்திலும்.