அரைப்பேர்

கொழுந்தெடுப்பில் இலையைத் திருப்பிப் பார்க்கிற வேலை இல்லை.
விரல் நுனியைக் கிள்ளும்போதே
கண் அடுத்த வாதுக்குப் போயிருக்கும்.
அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில், கான் ஓரம்,
காற்றுத்தான் ஓர் இலையைப் புரட்டிக் காட்டியது.
மேலே பச்சை. கீழே
நாவற்பழம் தின்ற நாக்கு.

முறம் அகலம். காம்பிலிருந்து நுனிவரை
மூன்று தடித்த நரம்பு.
முழங்கால் உயரம்தான்,
ஆனாலும் தெரியாத வீட்டுக் கலியாணத்தில்
பட்டுடுத்தி வந்து நிற்பவளைப் போல ஒரு நிற்பு.

வாசிகசாலைச் சுவரில் அதன் படம் இருந்தது.
மற்ற இரண்டு மொழியிலும் ‘கண்டால் சொல்லுங்கள்’.
தமிழில் மட்டும்
‘கண்டால் கொல்லுங்கள்’.
மாதக்கணக்காய் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

பிடுங்கத்தான் கை போனது. பிறகு போனை எடுத்தேன்.
அளவுக்கு ஏதாவது பக்கத்தில் வையுங்கள் என்றது திரை.
கறையேறிய என் சுண்டுவிரலை வைத்தேன்.
சிக்னல் தண்ணீர்த் தாங்கிக்கு மேலேதான்.
ஏறினேன்.
அடுத்த கட்டம் கேட்டது:
இவ்விடத்ததா, வெளியிலிருந்து வந்ததா?

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு
எழுதி எழுதித் தீர நாலு தலைமுறை.
செடிக்கு ஒரு தொடுகை.
கொஞ்ச நேரம் தொடாமலே இருந்தேன்.
‘தெரியாது’ என்றும் ஒரு கட்டம் இருந்தது,
அதைத் தொட்டேன்.

இறங்கி வந்து நிறுத்தால் பதினோரு கிலோ.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல்
அரைப்பேர் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்தார்கள்.
சேறு பட்ட சப்பாத்தோடு ஹிமாலி மிஸ்,
பேராதனையிலிருந்து அஸ்ஜத் என்றொரு பையன்.
மிஸ் முதலில் என் விரலைத்தான் பார்த்தார்,
“படத்தில் இருந்தது இதுதானே.”
பிறகு குந்தியிருந்து இலையைத் திருப்பினார்.
பெயர் மைக்கோனியா. வயது இரண்டிருக்கும்.
இது பூக்க இன்னும் காலம் உண்டு,
அப்படியானால்
பூத்தது எங்கேயோ நிற்கிறது.

பிடுங்கியிருந்தால் இந்த ‘எங்கேயோ’ யாருக்கும் வந்திராது.

மூன்று நாள் தேடினோம்.
குருவி எச்சம் ஊதாவாய்க் கிடந்த கற்களை வைத்து
மேலே, மேலே.
மூடிக்கிடக்கும் சின்னத்துரை பங்களாவின் பின்னால்,
குரோட்டன் வரிசை முடிகிற இடத்தில்,
கூரையை முட்டிக்கொண்டு.

எனக்குத் தெரிந்த மரம்.
தங்கச்சி கலியாணத்துக்கு
அதன் இலையைத்தான் பழத்தட்டுக்கு விரித்தோம்,
பச்சைப் பக்கம் மேலே.

யாரோ ஒரு துரைசாணி அழகுக்கு நட்டதாம்.
இருக்கலாம். தேயிலையையும் யாரோதான் நட்டார்கள்;
அதற்காக அழித்த காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால்
என் பூட்டனின் கத்தியும் அதில் வரும்.
நான் பேச்செடுக்கவில்லை.
மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒரு புல் இல்லை, பன்னமில்லை, பாசிகூட இல்லை.
வேர் மேலாகவே ஓடியிருந்தது,
மண்ணைப் பிடிப்பதுபோல் பாவனை.
நேர் கீழே எங்கள் லயம்,
பன்னிரண்டு காம்பிரா.
மழைக்காலத்தில் நாங்கள் சுவரில் காதை வைத்துத் தூங்குகிறவர்கள்.

வெட்டினார்கள். காய்களைச் சாக்கில் கட்டினார்கள்.
அஸ்ஜத் ஒரு காயை நசுக்கிக் காட்டினான்:
உப்புத்தூளைவிடச் சின்னதாய் நூறு விதை.
மண்ணுக்குள் வருசக்கணக்காய்க் காத்திருக்குமாம்.
வெட்டியதோடு முடியாது, மிஸ்,
என்றேன் நானே.

இப்போது ஒன்பது பேர் பார்க்கிறோம்.
ஆட்டோ சவரிமுத்து அனுப்பியது கொய்யாக்கன்று;
பரவாயில்லை, நின்று பார்த்திருக்கிறான்.
ஜெயசீலி பீலிக்கரையில் நாலு கண்டாள்.
பட்டியலில் முதல் வரியில்
கண்டவர்: பெ. தனபாக்கியம்.
முழுப்பேர். அதற்குச் சம்பளமில்லை.

சுவரில் இருந்த ‘கொ’வை யாரோ பேனாவால்
‘சொ’ ஆக்கியிருக்கிறார்கள்.
நான் இல்லை.

காற்றடித்தால் இப்போது கை நின்றுவிடுகிறது.
மலை முழுக்க இலைகள் வயிற்றைக் காட்டுகின்றன,
வெளிர்பச்சை, வெளிர்பச்சை, வெளிர்பச்சை.
கூடை நிரம்பவில்லை.
கங்காணி கூப்பிடுகிறான்,
இன்றைக்கும் அரைதான் போல.