ஈமு, மூன்று நிமிடம்

இந்திராநகர் நூறடி ரோட்டுக்குப் பின்சந்தில்
எங்கள் அடுக்களையின் புறவாசல்.
தெர்மாகோல் பெட்டிகள் மூன்று இறங்கின.
கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான்:
நாச்சிமுத்து, கறிவெட்டும் பிரிவு.

முதல் பெட்டியில் கங்காரு வால்,
ஆட்டு வாலுக்குப் பேராசை பிடித்தாற்போல
அத்தனை நீளம்.
இரண்டாவதில் பொட்டலங்கள்.
நம்ம வேலமரத்துக்குத் தூரத்துப் பங்காளியாம்,
அதன் விதைப்பொடியைப் பிரித்ததும்
யார் காப்பிக்கொட்டை வறுக்கிறது என்று
மாடியிலிருந்து சுஹாஸ் இறங்கி வந்தான்.
எலுமிச்சையே இல்லாமல் எலுமிச்சை மணக்கும் ஓர் இலை.
விரல் போல ஒரு காய்; கீறினால்
முத்துமுத்தாய் உதிர்ந்து
ஜவ்வரிசிக்குக் கோபம் வந்ததுபோல்
நாக்கில் வெடிக்கிறது.

மூன்றாம் பெட்டியின் சீட்டைப் படித்தேன்.
திறந்த மூடியைத் திரும்ப மூடினேன்.
ஈமு. தொடைக்கறி. பன்னிரண்டு கிலோ.

இருபத்திரண்டு பேர் விருந்துக்காகப்
பெர்த்திலிருந்து வந்த சமையற்காரி கெல்லி
இந்தப் பறவையைத் தெரியுமா என்று கேட்டாள்.
தெரியும் என்று தலையாட்டினேன்.
எப்படி என்று அவள் கேட்கவில்லை.

பணத்தைக் கட்டினால் ஆறு குஞ்சு,
கொட்டகை அவர்கள் செலவு, தீவனம் அவர்கள் செலவு,
மாசாமாசம் காசு, தீபாவளிக்குப் போனஸ்.
"நீங்க சும்மா பார்த்துட்டு இருந்தாப் போதுங்கண்ணா"
என்றான் டை கட்டிய பையன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெட்டையின் தொண்டைக்குள் ஓர் உடுக்கை உண்டு,
ராத்திரியில் அடிக்கும்.
கரும்பச்சையாய் முட்டை இட்டுவிட்டு
அது தன் பாட்டுக்குப் போய்விடும்.
அடைகாப்பது சேவல். எட்டு வாரம்.
தீனி இல்லை, எழுந்து நடப்பது இல்லை.
கம்பெனிக் கதவில் பூட்டைப் பார்த்து வந்தபிறகு
நானும் கொட்டகையில் அப்படித்தான் உட்கார்ந்தேன்.
எனக்கடியில் முட்டை ஏதும் இல்லை.

தீவன லாரி நின்றது.
கம்பிவேலியை ஒட்டி ஆறும் நடந்தன
அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்.
வாங்க ஆளில்லை.
கறி போடலாம் என்றால்
எங்கே கத்தி வைப்பதென்று கறிக்கடை பாயும் கைவிரித்தார்.

மினுக்கென்று எதைக் கண்டாலும் கொத்தும்:
ஆணி, சட்டைப் பித்தான், ஒரு ரூபாய்க் காசு.
அடகுக்கென்று பாவாத்தாள் கழற்றித்
தொட்டி விளிம்பில் வைத்த மூக்குத்தி
ஒரே கொத்து.
ஆறில் எது என்று தெரியவில்லை.
எட்டு நாள் எச்சத்தைக் கிளறினோம், இருவரும், குச்சியோடு.
ஒன்பதாம் நாள் மழையில் வேலி சாய்ந்தது.
விடிந்தபோது கொட்டகையில் நாங்கள் மட்டும்.

"பக்கத்துக்கு மூன்று நிமிடம்," என்கிறாள் கெல்லி.
"உள்ளே சிவந்தே இருக்கட்டும்."
கரிய காட்டுமிளகை நுணுக்கித் தூவுகிறாள்.
சாறு ஊதாவாய்க் கசிகிறது.
நான் கேட்டேன், இரைப்பை வருமா என்று.
"யாக்கண்ணா, இரைப்பை யாருக்கு?" என்று சுஹாஸ் முறைத்தான்.
ஆனாலும் கேட்டுச் சொன்னான்:
அதெல்லாம் அங்கேயே கழித்துவிடுவார்களாம்.

விருந்து கலைந்தது.
விளிம்பில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை
இரும்புச் சட்டியில் போட்டேன்.
சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு.
மூன்று நிமிடமாவது! நாற்பது நிமிடம்.
ரப்பராகிவிட்டது, என் தப்புதான்.
கெல்லி கண்ணீரும் மூக்குமாய்த்
தின்றுகொண்டே இருந்தாள்.

கோழி என்று சொல்லித்தான் விற்றார்கள்.
தின்றால் மாட்டுக்கறி மாதிரி இருக்கிறது.
அரிசியில் கல் இருக்கும் என்று பயப்படுகிறவன்போல
ஒவ்வொரு வாயையும்
மெல்ல மெல்ல மென்றேன்.

பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடித்து
பஸ்ஸுக்கு நின்றபடி கூப்பிட்டாள் பாவாத்தாள்.
"சாப்ட்டீங்களா? என்ன இன்னிக்கு?"
கோழி என்றேன்.
கொஞ்ச நேரம் வண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.
"எந்தக் கோழிங்க?" என்றாள்.