பதினொன்றரைக்கு எழுப்புவது

என் வலது பக்கம்தான் அவன் படுக்கிறான்.
ஆகவே என் வலது பக்கம்தான் நனைகிறது.
முதலில் சூடு. பிறகு
பொகவந்தலாவையின் நவம்பர் எப்படிப்பட்டது என்பதை
இடுப்பு தெரிந்துகொள்கிறது.

யதுர்சனுக்கு ஆறு வயது.
"எருமை" என்கிறார் அப்பா, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி.
அம்மா எதுவும் சொல்வதில்லை.
நாலரைக்கு எழும்பி, அலசிப் பிழிந்து,
அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்
என் வெள்ளைக் கவுனுக்குப் பக்கத்தில் போர்வையைப் போடுகிறாள்.
பெரட்டுக்குப் போகையில் அவள் விரல்கள் சுருங்கியிருக்கும்,
கொழுந்தைத் தொடுவதற்கு முன்பே.
இந்த மழைக்கு எதுவும் காய்வதில்லை.
புகை பிடிக்கிறது, அவ்வளவுதான்.
வகுப்பில் ஷர்மிளா மூக்கைத் திருப்பினாள்.
எந்த மணத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம்.
பாயைத் தலையில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி வரச் சொல்லு
என்றது தொங்கல் காம்பரா.
கதவு நிலையை நகத்தால் சுரண்டியபடி
அதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.
கிளினிக் மிஸ் மட்டும், எடையை எழுதிக்கொண்டே,
"அடிக்காதீங்க. பை இன்னும் சின்னது,
தூக்கம் பெருசு" என்றாள்.
பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு தேத்தண்ணி கூடாதாம்.
நாலு பக்கமும் தேயிலை.
நடுவில் உட்கார்ந்து
வெறும் ரொட்டி மெல்லுகிறான் என் தம்பி.

எனக்கு டிசம்பரில் ஓ.எல்.
விஞ்ஞானப் புத்தகத்தில் சிறுநீரகம் இருக்கிறது,
அவரை விதை மாதிரி.
அம்புக்குறியெல்லாம் போட்டு
கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.
ஆனால் அந்தப் படத்தில் இல்லை
கக்கூசுக்குப் போகும் வழி:
இஸ்தோப்பை விட்டிறங்கி, பதினேழு படி,
பீலிக்கு அப்பால், அட்டை நெளியும் புல்லைத் தாண்டி,
போன மாதம் நாயைப் புலி தூக்கிய
அதே வாழைக்குப் பின்னால்.

ஒரு ராத்திரி பார்த்தேன்,
அவன் விழித்துத்தான் கிடந்தான்.
கால்களைப் பின்னிக்கொண்டு
தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு.
எழும்பினால் வாழை.
எழும்பாவிட்டால் நான்.

அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம்.
பதினொன்றரைக்குப் புத்தகத்தை மூடுவேன், அவனை எழுப்புவேன்.
சொல்ல லேசு.
கை ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் சாயும்,
மா மூட்டையைப் போல நிமிர்த்தி நிறுத்த வேண்டும்.
அம்மாவின் படங்கை இரண்டு தலைக்கும் சேர்த்துப் பிடித்து
பதினேழு படி வேண்டாம், இஸ்தோப்போரக் கானே போதும் என்று
நானே சட்டம் போட்டேன்.
டோர்ச்சை வாழைப் பக்கம் அடிக்கச் சொன்னான்.
புலிக்கு வெளிச்சம் பிடிக்காதாம்.
நின்றோம்.
கானில் ஓடிய தண்ணீர்தான்
ஒருவழியாக அவனுக்கு ஞாபகப்படுத்தியது.

சில நாள் காய்ந்தது.
சில நாள் பதினொன்றரைக்கு முன்பே
எல்லாம் முடிந்திருந்தது.
ஒருமுறை கணிதத் தாளின் மேலேயே நான் தூங்கிப்போனேன்.
விடியும்போது
காய்ந்த மூலையில் நான் கிடந்தேன்.
தள்ளித் தள்ளி உருட்டியிருக்கிறான்.
ஈரத்தின் மேல் அவன்.

சோதனை முடிந்த அன்று
எட்டரைக்கே சாய்ந்துவிட்டேன்.
எத்தனை மணியோ,
யாரோ என் மூக்கைப் பிடித்தார்கள்.
"அக்கா. எழும்பு. வருது."
டோர்ச் அவன் கையில்.
படங்கு ஏற்கெனவே தலையில், தரை வரைக்கும்.
நீயே போயிட்டு வாயேன் என்றேன், பாதி வாய்க்குள்.
"போறது நான்தான்.
நீ வாழையப் பாத்துக்க."

பார்த்தேன்.
பற்றரி முடியப் போகிறது, வெளிச்சம் மஞ்சள்.
மூடுபனியில் இரண்டு இலை ஆடின.
அவை இலைகள்தான் என்று
முழுசாக நம்ப எனக்கும் கொஞ்ச நேரம் ஆனது.
முடிஞ்சுதா என்றேன்.
"பேசாதக்கா," என்றான்.
"பேசினா நின்னுரும்."