நாணயம்

ரேய் நகரத்து அக்கசாலையில்
அரசர்களை இடவலம் மாற்றுவது என் வேலை.
இரும்பில் நான் திருப்பி வெட்டினால்தான்
வெள்ளியில் அவர்கள் நேராக நிற்பார்கள்.

உலைக்குப் பின்னால், எலிப்புழுக்கையோடு,
பழைய அச்சுகள் கிடக்கும் பெட்டி.
தொண்ணூறு ஆண்டுத் துருவைக் கட்டைவிரலால் தடவுகிறேன்:
ஒரு பெயர். அவன் தகப்பன் பெயர். அவ்வளவுதான்.
சுற்றிலும் வெற்றிடம்,
பனி மூடிய வயல் போல.

டெய்லம் மலைக்குக் கீழே
காஸ்பியன் கரையில் வலை வீசியவனாம் அந்தத் தகப்பன்.
மகன்கள் மூவரும் கூலிக்கு ஈட்டி பிடித்தார்கள்;
படியளக்காதவனை விட்டுப்
படியளப்பவனிடம் போனார்கள்;
போகப்போகத் தாங்களே படியளந்தார்கள்.
ஷிராஸ் விழுந்தது. ரேய் விழுந்தது.
பாக்தாத் விழவில்லை, கதவைத் திறந்தது.
கலீபாவின் பெயரை மேலே விட்டுவிட்டுப்
பையின் சுருக்குக் கயிற்றை
இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த அச்சில் ‘அரசின் தூண்’.
அதற்கடுத்ததில் தூணுக்கு மேல் கிரீடம்.
பிறகு ‘அரசர்க்கரசர்’,
மணலுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த பழைய சொல்.
பட்டங்கள் வளர்ந்தன. காசு வளரவில்லை.
எழுத்துகள் எறும்பாயின.

“ஒரு பட்டம் ஏறினால்
வெள்ளி ஒரு பங்கு இறங்குகிறது”
என்றான் மாற்றுப் பார்க்கும் ஷீர்ஸாத்,
உரைகல்லைப் பார்க்காமல்
கதவைப் பார்த்துக்கொண்டு.

போன மாதம் கணக்கர் இப்னு கூஹ்யார்
ஒரு காகிதம் நீட்டினார். ஆறு பட்டங்கள்.
இடம் போதாது என்றேன்.
“இறைவனின் பெயரைக் கொஞ்சம் நெருக்கலாமே?”
அவர் நெற்றியில் தொழுகைத் தழும்பு இருந்தது.
மாட்டேன் என்றேன்.

வேறு எதையாவது விட வேண்டும்.
அரசரின் சொந்தப் பெயரை விட்டேன்.

ஒருவரும் கவனிக்கவில்லை.
பதினோராயிரம் காசு அடித்தார்கள்.
பெயரில்லாத ஆறு பட்டங்கள்
சந்தையில் ரொட்டி வாங்கின,
வரி கட்டின,
குதிரைப்படைக்குச் சம்பளமாய்ப் போயின.

நேற்று உப்புமீன் வாங்கப் போனேன்.
விற்பவன் டெய்லம்காரன், கையெல்லாம் செதில்.
காசைக் கடித்தான்.
அரசர்க்கரசரைத் தரையில் துப்பினான்.
“செம்பு. வேறு இருக்கிறதா?”
பெட்டியிலிருந்த பழங்காசு ஒன்றைக் கொடுத்தேன்,
ஒற்றைப் பெயர்க் காசு.
அதையும் கடித்தான். இடுப்பில் முடிந்துகொண்டான்.
எவன் பெயரென்று கேட்கவில்லை.

குராசான் சாலையில் புழுதி என்கிறார்கள்.
யானைகளும் வருகின்றனவாம்.
ஷீர்ஸாத் தராசைத் துணியில் சுற்றிவிட்டான்.
நான் புது இரும்பைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.
வருகிறவனின் பெயர் நீளமா, குட்டையா,
அது தெரிந்தால் போதும்.
மீன் இன்னும் ஊறவில்லை.