நிறமடிக்காத கட்டம்

கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஜீப் நிற்கிறது;
சிக்னல் ஒற்றைக் கோடு.
மடிக்கணினியில் நாலாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்.
வெள்ளிக்குள் வரைபடம் கேட்கிறார்கள்.

பாம்புக்கடி என்று மட்டும் தட்டினால்
உலகத்துப் பாம்பெல்லாம் வந்து படமெடுக்கும்.
எலிக்கு ஏற்றிய நஞ்சு, நாய்க்கான மருந்து,
அமேசான் காடு,
எல்லாம் கழித்தேன்.
ஒரே கட்டுரை மூன்று தளங்களில்
மூன்று சட்டை போட்டு நெளிந்ததையும் உரித்துப் போட்டேன்.

ஏலம் அல்லது தோட்டம் அல்லது கூலி
என்று வலையை விரித்தேன்.
இடுக்கி என்றால் பதினொன்று.
தேனி என்றால் ஆறு.
இரண்டும் சேர்ந்து வரவேண்டும் என்றேன்.
பூஜ்யம்.

முன் சீட்டில் ஒச்சம்மா
தூக்குவாளியை மடியில் இறுக்கித் தூங்குகிறாள்.
போன ஆவணியில் வண்டன்மேட்டில் கடித்தது.
"அங்க சுருட்டைன்னாக. இங்க வந்தா
அது வேறயாம்ல" என்றாள் ஏறும்போது,
வீங்கித் தணிந்த கணுக்காலைக் காட்டி.
அந்த ஏட்டில் 'அனுப்பப்பட்டார்'.
இந்த ஏட்டில் 'வெளிமாநிலம்'.

ஊர்ப் பெயரில் ஒரு 'எம்' கூட்டி
ஒரு 'டி' குறைத்துத் தேடுகிறேன்.
ஒன்றே ஒன்று வருகிறது.
பழைய ஆய்வேடு, சுருக்கம் கிடையாது,
நாற்பதாம் பக்கத்தில் கோணலாய் ஒரு அட்டவணை.
அடியில் பொடி எழுத்தில்:
எல்லை தாண்டி வந்தோர் சேர்க்கப்படவில்லை.

கியர் விழுகிறது.
அந்தக் கட்டத்துக்கு மட்டும் நிறமடிக்கவில்லை.
விட்டுப்போனது என்று நினைத்துவிடுவார்களோ?
ஓரத்தில் தேதி போட்டு
'தேடினேன்' என்று எழுதுகிறேன்.

ஒச்சம்மா விழித்து
"எறங்கணுமா?" என்கிறாள்.