இருநூற்று அறுபத்திரண்டு

மூன்றாம் முறையாக இறக்கி வைக்கிறாள் ஜெசிந்தா,
மொபெட்டின் முன்தட்டில் சாக்கு சுற்றிக் கட்டிய
முப்பத்தெட்டு கிலோ ஆம்பிளிஃபயரை.
"என்ன கெரகமோ போங்க்கா,
ரெண்டாம் பாட்டு முடியறதுக்குள்ள
உள்ள செவசெவன்னு ஆயிருச்சு.
அப்பறம் பட்டுனு ஒரு சத்தம்."

சோமனூர் ரயிலடிச் சந்தில் என் கடை.
தறி மோட்டார் காயில் கட்டப்படும் என்று போர்டு.
வால்வு பற்றி ஒன்றும் எழுதவில்லை.
எழுதினால் யார் வரப்போகிறார்கள், இவளைத் தவிர.

மூடியைக் கழற்றுகிறேன்.
நான்கு வால்வுகளில் கடைசியதன் நெற்றியில்
வெள்ளிப் பூச்சு போய்ப் பால் படர்ந்திருக்கிறது;
காற்று புகுந்துவிட்டது.
ஃபியூஸ் கண்ணாடிக்குள் கரி.
ஸ்கிரீன் ரெசிஸ்டர், தீய்ந்த கடலைத் தோல்.

முதல் முறை வால்வை மட்டும் மாற்றினேன்.
அடுத்த முறை இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன்,
ஒன்றாவதை மூன்றில், மூன்றாவதை ஒன்றில்.
வியாதி வால்வோடு நடந்தால் வால்வுடையது,
குழியிலேயே தங்கினால் குழியுடையது.
அது நடக்கவுமில்லை, தங்கவுமில்லை.
ஐஸ் குச்சியால் கண்ணாடிகளைத் தட்டிக் கேட்டேன்.
கெப்பாசிட்டர்களைப் புதிதாய்ப் போட்டேன்.
நாலு ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரில்
நாலு ஓமே இருந்தது.
என் மேஜையில் நான்கும்
முப்பத்தைந்து மில்லியாம்பியரில்
மதியம் முழுக்கச் சமர்த்தாக எரிந்தன.

இன்று பேச்சுவாக்கில் சொல்கிறாள்:
"அண்ணனோட தறிக்குடோன்லதானுங்க்கா வாசிக்கறோம்.
கூலிப் பிரச்சனைல தறி நின்னு பதினெட்டு நாளாச்சு,
இல்லீன்னா அங்க எங்க எடம்?"

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

என் சந்தில் ஓடுபவை சொந்தத் தறிகள்,
வேலைநிறுத்தத்தில் சேராதவை.
மீட்டரைச் சுவரில் செருகினேன்: இருநூற்றைந்து.
அதே மீட்டர், பொழுது சாய்ந்து, சாமளாபுரத்தில்:
இருநூற்று அறுபத்திரண்டு.
அந்த லைனில் எந்தக் குடோனிலும் ஒரு தறி ஓடவில்லை.
இழுக்க ஆளில்லாத கரண்ட்
கம்பியில் ததும்பி நிற்கிறது.

வால்வுக்குள் கிரிட் என்றொரு வலை உண்டு.
மைனஸ் ஐம்பது வோல்ட் அதில் நின்று
வருகிற எலக்ட்ரான் கூட்டத்திடம்
போதும், போதும் என்று சொல்லும்.
இருநூற்றைந்தின் பலத்தில் நான் அளந்து வைத்த போதும்
இங்கே யார் காதிலும் விழவில்லை.
முண்டியடித்தது கூட்டம்,
தகடு சிவந்தது.
மூன்று வால்வுகளைக் கொன்றது என் மேஜை.
மூன்றுக்கும் ரசீது கொடுத்திருக்கிறேன்.

பாவு உருளை மேல் உட்கார்ந்து,
டிரம்ஸ் பையன் செல்போன் வெளிச்சம் பிடிக்க,
எழுபத்தொன்றில் நின்ற முள்ளை
அங்கேயே முப்பதுக்கு இறக்கினேன்.
பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.
தகடுகள் கறுப்பாகவே இருந்தன.

"வாசி" என்றேன்.
கீழ்த் தந்தியை அவள் இழுத்தாள்.
இருபத்துநான்கு தறிகளிலும் கிடந்த நாடாக்கள்
பெட்டிக்குள் கடகடவென்று ஆடின.
வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தான் அண்ணன்:
"எவன்டா தறியப் போட்டது?"

வெளியே இன்னும் நாலைந்து பேர், மூச்சிரைக்க.
ஜெசிந்தா மறுபடி அதே தந்தியைத் தொட்டுக் காட்டினாள்.
ஒருவர் மட்டும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தையாம்.
கூலி ஏறினால் வோல்டேஜ் இறங்கும்,
பின்னால் இருக்கும் இந்தத் துளையில்
திரும்பத் திருக வேண்டும் என்று
சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டேன்.
ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிடேன் என்றும் சொன்னேன்.

"வால்வு வாங்குன கடன் முடியட்டுங்க்கா" என்றாள்,
சாதாரணமாகத்தான்.
மீட்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்,
சுற்றி முடிக்க வெகுநேரம் ஆனது.